இரண்டு சொட்டு நல்லெண்ணெய்

தங்கராஜுவிடம் ஒரு தாளை நீட்டிப் பாருங்கள். மனுஷன் கை உடனே சட்டைப் பைக்குப் போகும். இந்தப் பையைத் தடவுவார், அந்தப் பையைத் தடவுவார், அப்புறம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "அடடா, கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். நீங்களே படிச்சிருங்களேன்" என்பார். சாங்கி விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷ வேலையை இந்த ஒரே வசனத்தை வைத்து ஓட்டிய ஆள் அவர். பார்வையில் ஒரு குறையும் இல்லாத இருபது வயதிலும் அவருடைய கண்ணாடி வீட்டில்தான் இருந்தது!

வேலையில் சோடை போனவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் மூன்றெழுத்து ஊர்க்குறிகளை அவர் படித்ததே இல்லை. வாசலில் கிடக்கும் கோலத்தைப் பார்ப்பதுபோல் மொத்தமாகக் கண்ணில் வாங்கிக்கொள்வார். சென்னைக்குப் போவது இப்படி இருக்கும், பெர்த்துக்குப் போவது அப்படி இருக்கும். புது ஊர் வந்தால் கூட்டாளி அப்துல் அலீம் ஒரு தடவை வாயால் சொன்னால் போதும், பிறகு ஜென்மத்துக்கும் தப்பாது. அலீமுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "மண்டைக்குள்ள கேமராவே வச்சிருக்கலா நீ. எழுத்து மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?" என்று ஊர் வழக்கத்து 'லா'வையும் ஒட்டிக் கேலி செய்வார். வெளியே யாரிடமும் மூச்சு விடமாட்டார்.

கல்யாணம் பேசும்போது தங்கராஜுவின் அம்மா பெண்வீட்டாரிடம் ஒரு பொய் சொன்னாள். "அவங்க அப்பா தவறிட்டாரு. புள்ளைய மூணாவதோட நிறுத்த வேண்டியதாப் போச்சு." உண்மையில் ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர் அவர். ஆறு வருஷமும் பிரம்படி. வாத்தியார் சொல்லும் ஒலி காதில் விழும், பலகையில் இருக்கும் எழுத்து கண்ணில் படும், ஆனால் இந்த ஒலிக்கு இந்த எழுத்து என்று இரண்டும் ஒட்டவே ஒட்டாது. வகுப்பே ஒரே மூச்சில் வாசிக்கும்போது இவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். படிக்க வசதியில்லை என்றால் ஊர் 'ஐயோ பாவம்' என்னும். படிக்க வைத்தும் வரவில்லை என்றால் மக்கு என்னும். மக்கு மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? 'ஐயோ பாவம்' என்ற பெயரோடு தங்கராஜு மணவறையில் உட்கார்ந்தார்.

வந்தவள் விசாலாட்சி, கேலாங் பகுதிக்காரி. பேச்சில் சூடு, சிரிப்பில் தாராளம். கணவன் சின்ன வயதிலேயே படிப்பை விட்டவன் என்று அவளுக்கு ஒரே இரக்கம். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் தமிழ்ப் பேப்பரை விரித்துத் தலைப்பிலிருந்து மரண அறிவிப்புவரை வாசித்துக் காட்டுவாள். "கேளுங்க, கேளுங்க, இந்தாளு பேரனுக்கே பேரன் எடுத்திட்டுப் போயிருக்காரு" என்று அதிலும் ஒரு ரசனை. தங்கராஜு கோப்பியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். உண்மையைச் சொல்ல எத்தனையோ சாயங்காலங்கள் இருந்தன. சொல்லவில்லை.

மகன் பிரேம் பிறந்தான். விசாலாட்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாரம் இரண்டு நாள் பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல். தேக்கா சந்தையில் நல்லெண்ணெய் வாங்கிவந்து, ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, உச்சியில் தேய்த்து, உடம்பெல்லாம் நீவி, கடைசியில் காதுக்கு இரண்டு சொட்டு விடுவாள். அவள் வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் செய்தார்கள். எட்டாம் மாதம் பிள்ளைக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. பலதுறை மருந்தகத்துத் தாதி, "காதுல எண்ணெய் ஊத்தலாமா? படிச்சவங்கதானே நீங்க?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். இரண்டு வாரத்தில் ஆறிப்போனது. பரிசோதித்த டாக்டர், கேட்கும் திறனில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

பிரேம் ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போனதும் அந்தக் காது விஷயம் திரும்பி வந்தது. பையன் பேச்சில் படுசுட்டி. கணக்கை வாயால் கேட்டால் டக்கென்று சொல்வான். எழுத்தைக் கண்டால் மட்டும் மிரண்டுபோவான். பள்ளிக்கு வரச்சொன்னார்கள். வகுப்பாசிரியை நல்லவர்தான், தெரிந்த மட்டும் கேட்டார். "ஒலிகளப் பிரிச்சுப் பார்க்கவே கஷ்டப்படுறான். சின்ன வயசுல காதுல ஏதாவது பிரச்சினை இருந்துச்சாம்மா?"

விசாலாட்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் வந்து நின்றவள் கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, நான் ஊத்துன எண்ணெய்தாங்க. நான்தாங்க எம்புள்ளையக் கெடுத்துட்டேன்."

அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். எண்ணெய் இல்லை விசாலம், நானும் இப்படித்தான் இருந்தேன், எனக்கு யாரும் காதில் எண்ணெய் ஊற்றவில்லை என்று நாலு வார்த்தை. தங்கராஜுவுக்கு எல்லாம் புரிந்திருந்தது. பையன் புத்தகத்தைப் பார்த்து முழித்த முழி தன்னுடைய முழி என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. தொண்டைவரை வந்த வார்த்தை அங்கேயே நின்றது. எட்டு வருஷமாக மூணாவதோடு நின்றவனாக வாழ்ந்தாயிற்று. மகன் முன்னால், மனைவி முன்னால், இப்போது போய் மக்கு என்று எப்படி நிற்பது? "சரி விடு, அழாத. ஆண்டவன் விட்ட வழி" என்றார். நல்ல வாயடா அது! பழியை ஆண்டவன் மேல் போடத் தெரிந்த வாய்க்குத் தன் மேல் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

அன்றைக்கு மறுநாள் முதல் விசாலாட்சி பிள்ளையின் தலையைத் தொட்டு எண்ணெய் வைத்ததில்லை. தன் தலைக்கும் வைத்துக்கொள்ளவில்லை. இடுப்புவரை இருந்த முடி வறண்டு, சிக்காகி, பாதியாகப் போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் கேலாங் சிவன் கோயிலுக்குப் போய் மகனுக்காக அர்ச்சனை செய்வாள். தீபாவளி விடிந்தால் அவளே எண்ணெய் காய்ச்சுவாள், கிண்ணத்தைக் கணவன் கையில் கொடுப்பாள். "நீங்களே வச்சுவிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். தங்கராஜு மகன் தலையில் எண்ணெய் வைப்பார். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். வருஷத்துக்கு ஒரு தடவை என்று இருபத்தைந்து தடவைக்கு மேல் கேட்டார்.

பிரேம் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்புகளிலேயே தட்டுத் தடுமாறி வந்து, தொழில் படித்து, குளிர்சாதனம் பழுது பார்ப்பவனானான். சொந்தமாக வேன் வைத்தான். ஃபேரர் பார்க்கில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் மோகனப்பிரியாவைக் கட்டினான். "எனக்கு வாசிக்க லேட் ஆகும், நீதான் கடுதாசியெல்லாம் பார்க்கணும்" என்று கல்யாணத்துக்கு முன்பே பளிச்சென்று சொன்னவன் அவன். அப்பனுக்கு வராத தைரியம் மகனுக்கு வந்திருந்தது.

வர்ஷா பிறந்தபோது பேத்தியைக் கொஞ்சு கொஞ்சென்று கொஞ்சிய விசாலாட்சி, குளிப்பாட்ட மட்டும் வரமாட்டேன் என்றாள். மருமகளுக்கு மனதுக்குள் ஒரு சுருக். பெண் குழந்தை என்பதால்தான் அத்தை தொட மாட்டேன் என்கிறார்களோ என்று பிரேமிடம் கேட்டாள். காரணத்தை அவன் சொன்னதும் அவளே அழுதுவிட்டாள். குழந்தைக்கு அந்த வீட்டில் யாரும் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கவில்லை.

வர்ஷா தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த வருஷம் விசாலாட்சிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஏப்ரல் மாதம் வர்ஷாவின் பள்ளியிலிருந்து பிரேமைக் கூப்பிட்டார்கள். அதே பேச்சு, அதே தாழ்வாரம் மாதிரி ஒரு தாழ்வாரம். பிள்ளைக்கு எழுத்து ஒட்டவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிரவாப்பா?" என்று பிரேம் கேட்டான்.

தங்கராஜு பதறிவிட்டார். "வேணாம்டா. ஒடம்பு இருக்கிற இருப்புக்கு அவ மனசு தாங்காது. பேத்தியும் இப்படித்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே போயிருவா. தெரியவே வேணாம்."

தெரியாமல் வைப்பதற்கு ஒரு நாடகமும் போட்டார்கள். விசாலாட்சி ஓயாமல், "பாப்பா படிக்கிறாளா, பாப்பா படிக்கிறாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குருவி ஒன்று கூடு கட்டும் கதைப் புத்தகத்தை வாங்கிவந்து, மோகனப்பிரியா பத்து நாள் சொல்லிச் சொல்லிப் பிள்ளைக்கு மனப்பாடம் பண்ணிவைத்தாள். எந்த வரி முடிந்தால் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பதுவரை ஒத்திகை. யோசனை தங்கராஜுவுடையது. வாயை அசைத்தே ஆறு வருஷம் வகுப்பை ஏமாற்றியவருக்கு இதெல்லாம் தெரியாதா?

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, கட்டிலில் சாய்ந்திருந்த விசாலாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்து வர்ஷா 'வாசித்தாள்'. ஒரு இடத்திலும் தட்டவில்லை. கணீரென்ற குரல். பக்கம் திருப்பியதெல்லாம் சரியான இடத்தில். விசாலாட்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் பேத்தியின் கன்னத்தைத் தடவினாள், தலையைத் தொடவில்லை. தங்கராஜுவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? நான் எண்ணெய் வைக்காத புள்ள எப்படிப் படிக்குது பாத்தீங்களா? நல்ல வேளை, இவ தலைல நான் கை வைக்கல."

தங்கராஜுவும் சிரித்தார். அந்த நேரத்தில் அவருக்கு அந்தப் பேச்சின் முழு அர்த்தம் ஏறவில்லை. மனைவி சந்தோஷமாக இருக்கிறாள் என்று மட்டும் பட்டது.

ஆகஸ்டில் விசாலாட்சி போய்விட்டாள். அவர்கள் குடியிருந்த வீவக அரசாங்க அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கிடத்தி, எண்ணெயும் சீயக்காயும் வைக்கும் சடங்கு நடந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து புறங்கையால் அவள் தலையில் எண்ணெய் தொட்டு வைத்தார்கள். பிரேமும் வைத்தான். இருபத்தாறு வருஷமாக எண்ணெய் படாத தலையில் அன்றைக்குத்தான் எண்ணெய் பட்டது. தங்கராஜுவால் அதைப் பார்க்க முடியவில்லை. தூண் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுவருஷம் வர்ஷாவை ஒரு மையத்தில் சோதிக்க அழைத்துப் போனார்கள். அங்கே வாசிப்புச் சிரமம் குடும்பங்களில் எப்படித் தொடர்கிறது என்று ஓர் ஆய்வும் நடந்தது. விரும்பினால் அப்பா, தாத்தா எல்லாரும் கலந்துகொள்ளலாம், பரிசோதனைக்கு எச்சில் கொடுக்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டவர் அஃப்ரீன் என்ற இளம் பெண்மணி. நன்றாகத் தமிழ் பேசினார். வர்ஷாவின் தலையில் கம்பி வைத்த மூன்று ஒட்டிகளை ஒட்டி, காதில் ஒரு சின்ன ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, மூளை அதை எப்படி வாங்குகிறது என்று கணினியில் பார்த்தார். பிள்ளை அதற்குள் தூங்கியே போனது.

"காது ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அஃப்ரீன். "காதுலேர்ந்து மூளைக்குப் போற பாதை இருக்கு பாருங்க, அதுல சத்தத்த வாங்கிப் பிரிக்கிற விதம் சில பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அதனால எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கக் கஷ்டப்படுவாங்க. இவளுக்கும் அப்படித் தெரியுது. பரம்பரையா வர்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. ஒரே ஒரு மரபணுன்னு கை காட்ட முடியாது, பலதும் சேர்ந்து செய்யுது. குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"எனக்கு" என்றான் பிரேம். "ஆனா என்னோடது வேற. சின்னப் புள்ளைல அம்மா காதுல எண்ணெய் ஊத்தி இன்ஃபெக்ஷன் ஆயி, ஆற ரெண்டு வாரம் ஆச்சு. அதுலேர்ந்துதான்."

"காதுல எண்ணெய் ஊத்தக் கூடாதுதான். ஆனா ரெண்டு வாரத்துல ஆறின சீழால வாழ்நாள் பூரா வாசிக்க வராமப் போகாது சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." அஃப்ரீன் வர்ஷாவைக் காட்டினார். "இவளுக்கு ஊத்துனீங்களா?"

"ஒரு சொட்டுகூட இல்ல" என்றாள் மோகனப்பிரியா. சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அஃப்ரீன் எதையும் கவனிக்காமல் ஒரு படிவத்தைத் தங்கராஜு பக்கம் நகர்த்தினார். "அங்கிள், நீங்களும் ஆய்வுல சேர்ந்தா நல்லது. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. "கண்ணாடிய வீட்டுல..."

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது.

பிரேம் அப்பாவையே பார்த்தான். முப்பத்து நாலு வருஷமாகப் பார்த்த முகத்தை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தான். தங்கராஜு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார் அஃப்ரீனிடம். மகனிடம் சொல்லும் தெம்பு இல்லை. "மூணாவதோட நிறுத்தல. ஆறு வருஷம் படிச்சேன். வரல. இவனுக்கு இருக்கிறதுதான் எனக்கு. இவன் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அஃப்ரீன் மெதுவாகப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, தாமே ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டத் தொடங்கினார்.

வேன் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் பிரேம் கதவைத் திறக்காமல் நின்றான். கத்தியிருந்தால் தங்கராஜுவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

"அம்மா கை என் தலைல பட்டு எத்தன வருஷம் தெரியுமாப்பா? ஏழு வயசுல நின்னது. எம்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டே வளர்ந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்." சாவியைக் கையில் உருட்டினான். "அத விடுங்க. வர்ஷா விஷயத்தையாச்சும் அம்மாகிட்ட சொல்லியிருந்தா, எண்ணெய் இல்லன்னு அவங்களே கண்டுபிடிச்சிருப்பாங்க. நிம்மதியாப் போயிருப்பாங்க. நாம கதை படிக்க வச்சு அனுப்பினோம்."

அப்போதுதான் தங்கராஜுவுக்கு அந்தச் சனிக்கிழமை முழுசாகத் திரும்பி வந்தது. 'நான் எண்ணெய் வைக்காத புள்ள எப்படிப் படிக்குது.' ஐயோ! வெட்கத்தில் மறைத்தது ஒன்று, பாசத்தில் மறைத்தது ஒன்று. முதல் மறைப்பு அவள் மேல் பழியைப் போட்டது. இரண்டாவது மறைப்பு அந்தப் பழிக்குச் சாட்சியும் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. தன் கைதான் குற்றவாளி என்று உறுதியாக நம்பி, அதில் சந்தோஷமும் பட்டு, அவள் போய்ச் சேர்ந்தாள். அதைச் செய்தது வேறு யாருமில்லை, தானேதான் என்று நினைத்த அந்த மனுஷன் வேனின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார்.

அதன்பிறகு மூன்று வாரம் பிரேமிடமிருந்து போன் இல்லை. சாயங்காலமானால் தங்கராஜு பேப்பர் வாங்கிவந்து விரித்துவைத்துக்கொண்டு உட்காருவார். வாசிக்க ஆளில்லை. இருந்தாலும் வாங்குவதை நிறுத்தவில்லை.

வருஷத் திதி முடிந்து வந்த முதல் தீபாவளி. விடிந்ததும் கதவைத் தட்டினார்கள். பிரேம், மோகனப்பிரியா, வர்ஷா. கையில் தேக்காவில் வாங்கிய நல்லெண்ணெய் பாட்டில். பிரேம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் சட்டையைக் கழற்றிவிட்டு, விசாலாட்சியின் படத்துக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தான். தங்கராஜு எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து மகன் உச்சியில் வைத்தார். ஒரு கை வைத்தவர், கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு கையும் எடுத்து வைத்தார்.

"இது அம்மாவுக்காக" என்றார்.

பிரேம் தலையைக் குனிந்துகொண்டான். எண்ணெய் காதோரம் வழிந்தது. துடைக்காமல் அப்படியே எழுந்து போனான்.

அடுத்தது வர்ஷா. பட்டுப்பாவாடைக்கு ஆசைப்பட்டு ஓடிவந்தவள் கிண்ணத்தைப் பார்த்ததும் பின்வாங்கினாள். வீட்டில் நடந்த பேச்சு அரைகுறையாக அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"எனக்கு வேணாம் தாத்தா. பாட்டி எண்ணெய் வச்சுத்தானே அப்பாக்கு ரீடிங் வரல?"

தங்கராஜுவின் கை அந்தரத்தில் நின்றது. பேத்தியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் சுவரில் பூப்போட்ட படத்தில் விசாலாட்சி. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தொண்டையில் நின்ற வார்த்தை இப்போது வந்தது. படத்தைப் பார்த்தபடியே, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எண்ணெயால இல்ல! அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல! எங்கிட்டேயிருந்து வந்தது. எங்கிட்டேயிருந்துதான் வந்தது!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. வர்ஷா மிரண்டுபோய்த் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் தாத்தா கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுலா" என்றாள்.